நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

செப்டெம்பர் 16, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையை வத்தேகம பஸ்ஸில் விட்டாயிற்று. இந்த வருடம் மூன்றாவது குடை.

செய்ய வேண்டியவை:
ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகள் (பாதி முடிந்தது).
நீலச் சேலை, தையல்காரியிடம்.
ம.அ. நாவல். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

என்றாவது நானே இந்தக் கொப்பியைப் புரட்டி, யார் இந்த ம.அ. என்று முழிக்கக் கூடாது. ஆகவே: மகாலிங்கம் அண்ணன். நாவலப்பிட்டி ஸ்டேசனில் சரக்குப் பகுதிக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அண்ணன். ஒன்பது வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பெயர் ‘சரக்கு மேடை’. 640 பக்கம். வருகிற ஞாயிறு நான்கு மணிக்குக் கண்டியில் வெளியீடு. ஆய்வுரை இரண்டு பேர், நானும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாலா மாஸ்டரும். முன்கூட்டியே பிரதி கிடைத்தது ஆறு பேருக்கு.

இன்றைய நிலை: பக்கம் 96.

ஒரு சின்ன வில்லங்கம். ஆகஸ்ட் கடைசியில் நானாகவே அவருக்குப் போன் எடுத்து, முடித்துவிட்டேன், அருமை என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் நின்றது 38இல். பொய்தான். ஆனால் எப்படியும் முடிக்கப் போகிறவள் சொன்ன பொய், கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வேகமாக வாசிக்கிறவள் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதில் அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா.

என் வீட்டுக்காரர் பிலிமத்தலாவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். தலைக்கு வைத்துப் படுக்க அளவான உயரமாம். ரவியின் இலக்கிய விமர்சனம் எப்போதும் சுருக்கம்.

செப்டெம்பர் 17, புதன்

வெயில். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. போக 22 பக்கம், வர 19. மடவளையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் ஏறியதில் வரும்போது சேதம்.

பக்கம் 137.

பாதியில் விட்ட புத்தகங்கள் என் அலுமாரியில் எத்தனை என்று மாலையில் பார்த்தேன். ஆய்வுரைக்கு உதவும் என்ற சாக்கு. கிடைத்தவை:

ருசிய நாவல், மொழிபெயர்ப்பு, கல்லூரியில் பரிசாகக் கிடைத்தது. 212இல் நிற்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.
ராஜா ராணிக் கதை, மூன்று பாகம். இரண்டாம் பாகத்தின் நடுவில் பிரசவ வலி. அந்த மகன் இப்போது கட்டாரில்.
தடித்த தத்துவ நூல். 11.
சமையல் புத்தகம். முன்னுரை மட்டும்.

சலிப்பான இடத்தில்தான் விடுகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அலுமாரியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யாரோ கூப்பிட்ட இடத்தில் விட்டிருக்கிறேன். திரும்பிப் போகத்தான் சோம்பல். அதற்குமேல் வெட்கம் வந்துவிடுகிறது. பாதியில் பேசிக்கொண்டிருந்த ஆளை மூன்று வருடம் கழித்துத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பதில்லையா, அந்த மாதிரி.

ம.அ. நாவலிலும் சலிப்பு இல்லாமல் இல்லை. 30 முதல் 50 வரை தராசு வகைகள். ஆனால் ஆள் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. அது பெரிய விஷயம்.

செப்டெம்பர் 18, வியாழன்

பிற்பகல் இடி. கரண்ட் போய் வந்தது. எந்தத் தையல்காரி சொன்ன நாளில் தந்திருக்கிறாள், சேலை இன்னும் தயாரில்லை.

இன்று பிரமாதமாகப் போனது. 160 தாண்டியதும் கதை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம். ஸ்டேசனில் பெட்டிகளை நிறுத்து எழுதுகிறவன் கதாநாயகன். 192ஆம் பக்கக் கடைசி வரியில் அவனுடைய சொந்தத் தங்கச்சி, புருசனோடும் பிள்ளைகளோடும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால், கதை பின்னால் போய் மறுபடி மழைக்காலம், மறுபடி அதே தேநீர்க்கடைச் சண்டை.

என் குறிப்புக் கடதாசியில் நான் எழுதியது இது (வெட்கத்தோடு பிரதி பண்ணுகிறேன்): “உச்சக்கட்டத்தில் காலத்தைப் பின்னோக்கி வளைத்து, நிகழ்ந்ததையே மீண்டும் நிகழ்த்தும் துணிச்சலான உத்தி. நினைவின் சுழற்சி.”

ஆறு பக்கம் அந்தச் சுழற்சியில் சுற்றிய பிறகுதான் பக்க எண்ணைப் பார்த்தேன். 182. புத்தகம் கட்டினவன் ஒரே பாரத்தை, அதாவது ஒரே பதினாறு பக்கக் கட்டை, இரண்டு தரம் வைத்துக் கட்டியிருக்கிறான். 177 முதல் 192 வரை இரண்டு முறை. பிறகு நேரே 209. பதினாறு பக்கம் இல்லவே இல்லை. 209இல் மேடை வெறுமையாகக் கிடக்கிறது, தங்கச்சி போய்விட்டாள். பெட்டிக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

இருபத்தேழு வருடம் தமிழ் படிப்பிக்கிற எனக்குக் கட்டுக்காரனின் பிழை இலக்கிய உத்தியாகத் தெரிந்திருக்கிறது. கடதாசியைக் கிழித்துப் போட்டேன்.

கிழித்த பிறகுதான் உறைத்தது. ஆறு பேரிடம் புத்தகம் போய் ஒரு மாதம். எல்லோரும் முடித்துவிட்டதாகப் பேச்சு. ஒருவர்கூடப் பதினாறு பக்கத்தைத் தேடவில்லை.

செப்டெம்பர் 19, வெள்ளி

மப்பு. மழை இல்லை. சேலை வந்தது, ஓரம் கோணல்.

ஸ்டாஃப் ரூமில் பாலா மாஸ்டரை நைசாக விசாரித்தேன். நாவல் எப்படி என்றேன். “ஓம் டீச்சர், நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன்” என்றார். 192ஆம் பக்கத்துக்குப் பிறகு எப்படி என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதிலயிருந்துதானே கதை வேகமெடுக்குது.”

அவருடைய பிரதியை மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதுவும் என்னுடையது மாதிரியே, 192க்குப் பிறகு 177. ஐம்பதுக்குப் பிறகு புத்தகம் விரிந்து மடிந்த அடையாளமே இல்லை. பாவம், கிளிநொச்சியில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒவ்வொரு வாரமும் ஓடுகிறவர். அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

ஞாயிற்றுக் கூட்டத்துத் தலைவருக்கும் (ஆறு பேரில் அவரும் ஒருவர்) போன் எடுத்தேன், நிகழ்ச்சி நிரல் கேட்கிற சாட்டில். கல்விக் கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர். ஒரே மூச்சில் வாசித்தாராம். எந்த மூச்சு என்று கேட்கவில்லை.

ஆக நிலைமை இது. ஞாயிறு மேடையில் விற்பதற்கு முந்நூறு பிரதி வருகிறது, எல்லாம் இப்படித்தான் இருக்கும். ம.அ.விடம் சொல்லியாக வேண்டும். சொன்னால், ஆகஸ்டில் முடித்ததாகச் சொன்னவள் செப்டெம்பர் பதினெட்டில்தான் 192ஐக் கண்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் மட்டுமா, எல்லோரும்தான் அவரிடம் பொய் சொன்னார்கள் என்றும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒன்பது வருட உழைப்பு நடுவில் ஓட்டையோடு வீடு வீடாகப் போகும்.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது கண்டுபிடித்தேன் என்று சொல்லலாமா என்று ரவியிடம் கேட்டேன். முதல் தடவை அந்தப் பதினாறு பக்கத்தையும் என்ன, தூக்கத்தில் வாசித்தாயா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது இன்னொன்று சொன்னார்: “சொல்லாட்டி ஞாயித்துக்கெழம மேடையில நிக்கிறதும் நீதான். சொன்னா நாளைக்கி அவரு வாசல்ல நிக்கிறதும் நீதான். எது லேசுன்னு பாத்துக்க.”

எனக்குப் பயமில்லை. வெட்கம்தான். இரண்டும் வேறு.

செப்டெம்பர் 20, சனி

காலை ரயில். கம்பளை தாண்டும்வரை நல்ல வெயில், நாவலப்பிட்டியில் கொட்டியது. அங்கே வெயில் அடித்தால்தான் எழுதி வைக்க வேண்டும்.

வாசலில் புத்தகப் பெட்டிகள், பொலித்தீன் மூடியபடி. அவருடைய மனைவி பிளேன்டீயும் வெல்லக் கட்டியும் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்கவில்லை. அண்ணே, ஆகஸ்டில் நான் சொன்னது பொய், நேற்று முன்தினம்தான் 192க்கு வந்தேன், அதற்குப் பிறகு பதினாறு பக்கம் இல்லை. ஒரே மூச்சில் சொன்னேன். தலைவருடையது மாதிரி இல்லை, உண்மையான ஒரே மூச்சு.

அவர் அதிரவில்லை. டீயை மெதுவாக ஆற்றினார்.

அவருக்கு முன்பே தெரியும். அச்சகத்தில் அவசரமாகக் கட்டிக் கொடுத்த முதல் பத்துப் பிரதியில்தான் பிழையாம். ஆறு பேருக்கு அனுப்பிய பிறகு, மிச்சத்தில் ஒன்றைப் புரட்டியபோது கண்டாராம். முந்நூறையும் உடனே பிரித்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. ஆறு பேருக்கும் போன் எடுத்து மாற்றித் தருவதாகச் சொல்ல நினைத்த அன்றைக்கே முதல் அழைப்பு வந்திருக்கிறது. முடித்துவிட்டேன், பிரமாதம். மறுநாள் இன்னொன்று.

“முடிச்சிட்டேன்னு சொல்றவங்ககிட்ட, அந்தப் பக்கமே அதுல இல்லீங்கன்னு எப்பிடி டீச்சர் சொல்றது? அவங்களுக்கு வெக்கமாப் போயிருமே.”

நான் எத்தனையாவது ஆள் என்று கேட்டேன். மூன்றாவது என்றார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னப்பதான் கொஞ்சம் கஷ்டமா இருந்திச்சி.”

வெல்லக் கட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு அவராகவே சொன்னார். தங்கச்சி கதை கற்பனை இல்லை. அவருடைய கையாலேயே நிறுத்த பெட்டி. அனுமதித்த எடைக்கு மேலே இருந்தது, உள்ளே அம்மி. மேலதிகாரி பக்கத்தில் நின்றார். இவர் சரியான எடையை எழுதி, அம்மியை வெளியே எடுக்கச் சொன்னார். தங்கச்சி தானே எடுத்து மேடையில் வைத்துவிட்டு ஏறிவிட்டாள். அங்கே போய் இரண்டு கடிதம் போட்டாள், அதோடு சரி.

“அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் டீச்சர் மிச்ச அறுநூத்திச் சொச்சத்தையும் எழுதினேன்.”

சரியான பிரதி ஒன்றை எடுத்துத் தந்தார். என்னுடைய பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. திரும்பும் ரயிலில் 193 முதல் 208 வரை. கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா பேராதனையில் ஏறி, எதிரே உட்கார்ந்து, தலைவலியா என்று கேட்டுச் சித்தாலேப தைல டப்பியை நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதைவிட அது சுலபம்.

பக்கம் 431. இரவு ஒன்பதரை. இதற்குமேல் முடியாது, முடிக்கவில்லை என்றே நாளைக்குச் சொல்லப் போகிறேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

நான்கு மணி என்று போட்டிருந்த கூட்டம் நாலே முக்காலுக்கு. மழையிலும் மண்டபம் நிறைந்தது. நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம். விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. தலைவர் அட்டைப்படத்தைப் பற்றிப் பத்து நிமிடம். பாலா மாஸ்டர் முதல் ஐம்பது பக்கத்தைப் பற்றி உண்மையிலேயே நன்றாகப் பேசினார். தராசு வகைகளில் அவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு நான். எழுதிக் கொண்டுபோனதைப் பார்க்கவில்லை. இந்தப் புத்தகத்தை மூன்று தடவை தொடங்கினேன், முடித்ததாக ஆசிரியரிடமே பொய் சொன்னேன், இன்றைக்கு 431இல் நிற்கிறேன் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அம்மிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பக்கம் 201, 202, 203. வாசித்துவிட்டு இறங்கினேன். மற்ற ஐந்து பேரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது அவர்களுக்காக ம.அ. மறைத்துவைத்த வெட்கம், அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை.

பின்வரிசையில் வயதான ஒருவர், எங்கள் வீட்டு அம்மியையும் அங்கேதான் விட்டோம் என்று பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று பேர் எங்களுடையதும் என்றார்கள்.

முடிவுரையில் தலைவர், வீட்டில் வாசித்தபோதே அம்மி இடத்தில் தாமும் கண்கலங்கியதாகச் சொன்னார். ம.அ. பக்கத்துக் கதிரையில் இருந்து அவரை நிமிர்ந்து பார்த்து, நன்றிங்க ஐயா என்று கும்பிட்டார். உண்மையான கும்பிடு. என்னால் அப்படி முடியாது.

ஏற்புரை இரண்டே வரி. வந்ததுக்கு நன்றி, மழை விட்டால் போங்கள்.

செப்டெம்பர் 22, திங்கள்

பிந்தி எழும்பினேன். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம். பாலா மாஸ்டர் எனக்கு முன்னால் வந்து, என் மேசையில் ஒரு புதுக்குடை வைத்திருந்தார். புத்தகம் விரித்தபடி, 60இல் இருந்தார்.

பின்னேரம் ம.அ. போன். நன்றி சொல்லப் போகிறார் என்று தயாரானேன். அவர் அதெல்லாம் தொடவில்லை. இரண்டாம் பதிப்பு என்று ஒன்று வந்தால் என்று இழுத்தார்.

“பென்சில் எடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன் டீச்சர். எந்தெந்த எடத்துல தூக்கம் வந்திச்சின்னு சொல்லுங்க.”

நான் யோசித்தேன். பொய் சொல்லத் தோன்றியது, பழக்கம். 231 முதல் 260 வரை என்றேன். தொழிற்சங்கக் கூட்டம். முப்பது பக்கம்.

போனில் தாள் புரட்டுகிற சத்தம். பிறகு, “எழுதுறப்ப எனக்கே வந்திச்சி” என்றார்.

பிறகு 304. பிறகு 377, அந்தக் கோயில் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் ம் என்றார், பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம். அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.