பால்கோவா வைத்த மூன்றாவது கால்

13.10, திங்கள்
மேகமூட்டம். மலை தெரியவில்லை. 7.40 பஸ்ஸில் தீபாவளி ஜவுளிக் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே.

புண் பராமரிப்புப் பயிற்சி, ஐந்து நாள். கல்யாண மண்டபத்து மாடி. இருபது பேர். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இருவர்: நர்சிங் கண்காணிப்பாளர் நான், டிரெஸ்ஸிங் ரூம் செல்லையா அண்ணாச்சி. நான் எம்.எஸ்ஸி. அவர் எட்டாவது, ஆனால் இருபத்தாறு வருடம் புண் கட்டியவர். அடுத்த மாதம் முதல் சான்றிதழ் இல்லாதவர் புண்ணைத் தொடக் கூடாது என்று நிர்வாக உத்தரவு. தேறாவிட்டால் அவருக்கு ஸ்டோரில் துணி மடிக்கும் வேலை. உத்தரவை போர்டில் ஒட்டியது நான்தான்.

தளவாய்புரத்து ஹவில்தார் (ஓய்வு, சர்க்கரைக் கால்) அன்றே சொல்லிவிட்டார்: "செல்லையா கட்டலேன்னா நான் காலையே காட்ட மாட்டேன்."

பயிற்சியாளர் அருண், மதுரை. முப்பது இருக்கலாம். ஒவ்வொருவரும் தன்னை ஒரு பேண்டேஜாக நினைத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். நான் "காஸ் துணி" என்று சொல்லி உட்கார்ந்தேன். அண்ணாச்சி எழுந்து, "செல்லையா, ராஜபாளையம்" என்றார். அவ்வளவுதான்.

14.10, செவ்வாய்
தூறல். குடை பஸ்ஸில் போனது.

பயிற்சிக்கான ரப்பர் கால்கள் பார்சலில் வரவில்லை. அருண் மெத்தைக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கிக் கால் வடிவில் வெட்டி, குழி தோண்டி, ஓரத்தில் பீட்ரூட் சாறு தடவி, நடுவில் பால்கோவாவை அப்பியிருக்கிறார். நிறம், பிசுபிசுப்பு எல்லாம் அசல் அழுகல் சதை. இனி வாழ்நாளில் தொட மாட்டேன் என்று நினைத்தேன். மாலை கால் கிலோ வாங்கினேன்.

இன்றைய பாடம் டன்னல். மேலே சின்னப் புண்ணாகத் தெரியும், ஓரத்துக்கு அடியில் வழி ஓடும். பஞ்சுக்குச்சியை விட்டுத் தேட வேண்டும். எந்தப் பக்கம் என்பதைக் கடிகாரத்தை வைத்துச் சொல்ல வேண்டும், தலைப்பக்கம் பன்னிரண்டு மணி. டன்னலைத் தவறவிட்டால் மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் பெயில். அருண் இரண்டு முறை சொன்னார்.

அண்ணாச்சி கை தூக்கினார். "நாங்க மலைப்பக்கம்னு எழுதுவோம் சார்."

சிரிப்பு. எங்கள் வார்டில் எல்லாக் கட்டிலிலும் தலைமாடு மேற்கே, மலையைப் பார்த்து. அதனால் தலைப்பக்கம் என்றால் மலைப்பக்கம். என் கையெழுத்திலும் அப்படித்தான் இருக்கும். சொல்லவில்லை.

15.10, புதன்
வெயில். குதிகால் வலி.

பெராக்சைடு ஊற்றக் கூடாது, புதுச் சதையைக் கெடுக்கும் என்று பாடம். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "நுரை பொங்குனாத்தான் சார் பாக்குறவிகளுக்கு ஒரு நிம்மதி." அருண்: "புண்ணுக்கு நிம்மதி வேணாமா?" அண்ணாச்சி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். வழிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த நர்ஸ் ஜெஸிந்தா, சதை அகற்றும் பயிற்சியின்போது விரலை நக்கிவிட்டாள். "கையுறை போட்டிருக்கேல்லா" என்கிறாள்.

நாளைய தேர்வுக்கு ஐந்து கால்கள் தயார். மண்டபத்துச் சமையல்கட்டில் வைத்துப் பூட்டினார்கள்.

16.10, வியாழன்
காலை எழுத்துத் தேர்வு. மதியம் செய்முறை: ஐந்து காலையும் அளந்து எழுத வேண்டும். மாலையே மதிப்பெண் பட்டியல்.

நான் 96. முதலிடம். கைதட்டல், சங்கடம்.
அண்ணாச்சி 58. தேற 60.

மூன்றாவது காலில் 'மலைப்பக்கமா நாலு செ.மீ. போகுது' என்று எழுதியிருக்கிறார். அருணின் விடைக்குறிப்பில் 'டன்னல் இல்லை'. நாலு மார்க் போச்சு. அருண் அதை மைக்கில் படித்தார். "மலைப்பக்கமா எங்க சார், செண்பகத்தோப்புக் காட்டுக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ.

பஸ்ஸில் அண்ணாச்சி அடுத்த சீட்டில் வந்தார். மல்லி ஊர் தாண்டும் வரை, இல்லை, அந்த ஊர் எதிர்த்திசை, என்ன எழுதுகிறேன். பாதி வழி வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பொறவு, "மேடம், மூணாவது காலுல நீங்க குச்சிய விட்டுப் பாத்தீகளா?"

"சரியா ஞாபகம் இல்ல அண்ணாச்சி."

நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடவில்லை. பால்கோவா வைத்த ஸ்பாஞ்சில் என்ன டன்னல் இருக்கப்போகிறது என்று 'இல்லை' எழுதினேன். முழு மார்க்.

இட்லி மாவு புளித்துவிட்டது.

17.10, வெள்ளி
சான்றிதழ் விழா பதினொரு மணிக்கு. ஒன்பதுக்கே போனேன். கால்கள் மூட்டையில் கிடந்தன. மூன்றாவதைத் தேடி எடுத்துக் குச்சியை விட்டேன். பன்னிரண்டு மணித் திசையில் சறுக்கிக்கொண்டு போனது. நாலு செ.மீ. கடைசியில் இரண்டு எலிப்புழுக்கை.

அருணைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மேடம், இது எலி போட்டது. நான் போட்டதில்ல."

"ஹவில்தார் காலுல இருக்கதும் நீங்க போட்டதில்ல சார்."

அருண் குச்சியை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். "அப்போ இதுல டன்னல் இல்லைன்னு எழுதின பத்தொன்பது பேரும் பெயில் மேடம். நீங்களும்தான்."

"தெரியும். மலைப்பக்கம்னா பன்னிரண்டு மணி. எங்க வார்டில நானும் அப்படித்தான் எழுதுறேன்."

பதினொரு மணிக்கு அறிவித்தார். செல்லையா 62, ஒரே சான்றிதழ். மேடையில் அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பிப் பார்த்து, பின்பக்கம் காலி என்று உறுதி செய்துகொண்டார். மற்றவர்களுக்கு நாளை மறுதேர்வு, புதிதாக ஐந்து கால்.

ஜெஸிந்தா என் காதில் விழும்படி: "நாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்னு இருந்தேன். இந்த அம்மாவுக்கு எம்புட்டு நேர்மை பாத்தியா."

மதியச் சாப்பாட்டில் என் மேசையில் அண்ணாச்சி மட்டும். அப்பளத்தை என் இலைக்குத் தள்ளினார்.

18.10, சனி
நல்ல மழை. மண்டப வாசலில் குடையோடு அண்ணாச்சி. அவருக்கு இன்று வேலையே இல்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா வந்தேன் மேடம். ராத்திரி சமையல்கட்டப் பூட்டுனாகளான்னு கேட்டேன். பூட்டுனோம்னாக. புதன்கெழமையும் அதத்தான சொன்னாக." பையிலிருந்து ஒரு கட்டுப் பஞ்சுக்குச்சியை எடுத்துக் கொடுத்தார். "அஞ்சு காலுலயும் விட்டுப் பாருங்க."

பார்த்தேன். இன்று நான்கில் டன்னல் இருந்தது.