படி மிதிக்காத சத்தியம்

"நான் கெட்டவனா, சீக்காளியா? ஒன்ன சொல்லு மாஸ்டரே."

நுவரெலியா ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டு கேட்டாய். ஸ்வெட்டரின் கை நுனியை முறுக்கி முறுக்கி நூல் பிரிந்து தொங்கியது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஓர் உதாரணத்தோடு பதில் சொல்லிப் பழகிய எனக்கு அன்று உதாரணம் ஒன்றும் அகப்படவில்லை. "உள்ள கூப்பிடுறாங்க, எழும்பு" என்று மட்டும் சொன்னேன்.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை இன்று காலை மறுபடி கிளப்பிவிட்டது ஒரு நாற்றம். தலவாக்கலை பஸ் நிலையத்தில் இறங்கி, மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம், குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்ட நீ போய்வந்த அந்த ரேஸ் கடையின் படிக்கட்டு. நனைந்த குடை, சிகரெட், வெற்றிலை எச்சில், சன்னல் திறக்காத அறையில் அடைந்து நிற்கும் ஆம்பிளைகளின் வியர்வை. உன் சட்டையில் வருடக்கணக்காக வீசிய அதே நாற்றம்.

நிமிர்ந்து பார்த்தால் புதுப் பதாகை. பாய்கிற குதிரை, பக்கத்தில் ஒரு கைப்பேசி, 'வீட்டிலிருந்தே வெல்லுங்கள்' என்று கொட்டை எழுத்து. அடியில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் படிக்க வேண்டிய அளவில் ஒரு வரி: 'பொறுப்புடன் விளையாடுங்கள்.' தேயிலை மலையில் ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பேச வாய்த்தால் இப்படித்தான் சொல்லும் என்று நினைத்தேன். 'அளவாகக் கடிபடுங்கள்.' காறித் துப்பிவிட்டு, மழையிலேயே நடந்தேன். நான் தெருவில் துப்பியதை நீ பார்த்திருந்தால், "மாஸ்டருக்கும் கெட்ட பழக்கம் வந்துருச்சு டோய்" என்று ஊரைக் கூட்டியிருப்பாய்.

நீ வாழ்க்கையில் தொட்டுப் பார்த்த ஒரே குதிரை, நுவரெலியா ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிப் போகும் மட்டக்குதிரை. அதுவும் உன் தொப்பியைக் கடித்துவிட்டது. ஆனால் சீமையில் எந்த மைதானம் ஈரம், எந்தக் குதிரை ஈரத்தில் ஓடும் என்றெல்லாம் பேசுவாய். "குருதைய பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டால், "சாமிய நீ நேர்ல பாத்தா கும்பிடுற?" என்பாய். ஸ்டோரில் மெஷினுக்கு முன்னால் உன்னோடு தேயிலை அரைத்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது. ஒரு மனுசனை அட்டை உறிஞ்சுவதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

உன் வீட்டுக்காரி சரோஜா சிரிக்கவில்லை. ஹட்டனுக்குப் போய் ஏஜெண்டைப் பார்த்து, பாஸ்போட் எடுத்து, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். உங்கள் மகள் அப்போதுதான் பெரியவளாகியிருந்தாள். அந்த வயதில் தாயில்லாமல், சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்து அறையில் ஒரு பெண் பிள்ளை. உனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"எனக்கு மட்டும் போக ஆசையாண்ணே? இவரு நிறுத்துனா நான் நிக்கிறேன். இல்லாட்டி புள்ளைய உங்க வீட்டுல விட்டுட்டு ஏறிருவேன்" என்றாள் என்னிடம், உன் முன்னாலேயே.

நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம். பெரியவர்கள் கூடினார்கள். "இனி ரேஸ் கடை படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாய். எல்லாரும் கலங்கிப்போனோம். பிறகு அவரவர் பாட்டுக்குப் பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சரோஜா பாஸ்போட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தாள்.

சத்தியத்தை நீ மீறவே இல்லை. அதுதான் கொடுமை. அந்தக் கடை இறங்கி வந்து உன் கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டது. முதல் ஆட்டம் இலவசம் என்று கூப்பிட்டது. குதிரையோடு கிரிக்கெட்டையும் சேர்த்துக்கொண்டது. அடுப்படியில், கக்கூசில், ஸ்டோரில் மெஷின் நின்ற நேரத்தில் என்று குனிந்த தலை நிமிராமல் இருந்தாய். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மடக்கிக் கேட்டபோது பல்லைக் காட்டினாய்.

"படி மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? மிதிச்சேனா? ஆத்தாட்டயே கேட்டுப் பாரு!"

அந்தப் பல்லைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

அந்த வருடத் திருவிழாவில் அன்னதானப் பந்தலுக்கு மேலே அதே கடையின் பெயர் தொங்கியது. கோயில் கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். "யாரு குடுத்தா என்ன மாஸ்டர், சோறு சோறுதானே. நீங்க உக்காருங்க" என்றார். நீ பந்தியில் கரண்டியோடு நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாய். உன்னிடமிருந்து உறிஞ்சியதையே உன் கையால் ஊருக்குப் பரிமாற வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

தீபாவளி அட்வான்ஸ் வந்த அன்றே காணாமல் போனது. சரோஜா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்போட்டை எடுத்து, ஒரு சூட்கேஸைத் துடைத்து, உடுப்பை அடுக்கத் தொடங்கினாள். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி காட்டியது நம் தோட்டத்து மருத்துவிச்சிதான். "குடிய விடுறதுக்குப் போற மாதிரி இதுக்கும் கிளினிக்குக்குப் போகலாம் மாஸ்டர். மனநல டொக்டர் இருக்காங்க. பைத்தியம்னு யாரும் எழுதிற மாட்டாங்க, கூட்டிக்கிட்டு போங்க." நீ வரமாட்டேன் என்றாய். "ஆத்தாவால முடியாதத டொக்டர் முடிச்சிருவாங்களா?" என்றாய். ஆனால் சூட்கேஸ் திறந்தபடியே கட்டிலில் கிடந்தது. மறுநாள் நீயே சட்டை மாற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். அப்படித்தான் அந்த வாங்குக்கு வந்து சேர்ந்தோம்.

டொக்டர் சிங்களப் பெண். தமிழைத் தடவித் தடவிப் பேசினார். சத்தியத்தின் கதையைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்திருந்தாய், அவர் சிரிக்கவில்லை. "கோயிலுக்குப் போங்க, நல்லது. இங்கயும் வாங்க. ஆசை எப்ப வருது?" என்று கேட்டார். யாரும் உன்னிடம் கேட்காத கேள்வி அது. ஏன் செய்தாய் என்றுதான் எல்லாரும் கேட்டிருந்தோம். நீ சொன்னாய்: "மழைக்கு வேல நின்னு, சும்மா இருக்கிற அன்னிக்கு வருது டொக்டர். தோத்த அன்னிக்கு இன்னும் கூட வருது."

"அளவா வெளயாடலாமா டொக்டர்?" என்று நான்தான் கேட்டேன். சிலரால் முடியும், இவரால் முடியாது, அது குணக்கேடு இல்லை என்றார். சம்பளம் எடுக்கும் பேங்க் அட்டை சரோஜாவிடம் இருக்கட்டும், கைப்பேசியை மாற்றி பட்டன் போன் வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் வாருங்கள் என்றார். கடைசியாக ஒன்று: ஆசை மூளும், கொஞ்ச நேரத்தில் தானே தணியும். மூளும்போதே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். செய்த பிறகு இல்லை, செய்வதற்கு முன்.

என் உதாரணம் திரும்பும் வழியில், பஸ்ஸில்தான் வந்தது. அட்டை ஏறுவது வலிக்காது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதற்காகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சூடம் அணைப்பதில்லை. அட்டை ஒட்டாதபடி, மலை ஏறுமுன் காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும், "பாடம் முடிஞ்சிருச்சா, மணி அடிக்கலாமா?" என்றாய். ஆனால் அன்று முதல் கூப்பிட்டாய்.

"மாஸ்டரே, வருது."

"வா, டீக்குக் கேத்தல் வைக்கிறேன்."

எத்தனை மழை நாள்! சில தடவை தணியும்வரை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாய். இடையில் ஒருமுறை சறுக்கினாய். இரவல் கைப்பேசியில் ஆடிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாய். "சொல்றதுக்கு வந்தீங்கதானே" என்று டொக்டர் அடுத்த மாதத்துக்குத் திகதி கொடுத்தார். அவ்வளவுதான். சரோஜா குவைத்துக்குப் போகவில்லை. அந்தச் சூட்கேஸில் உங்கள் வீட்டுக் கம்பளிகள் மடித்துக் கிடந்தன. நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன அன்று, உன்மேல் போர்த்த ஒன்றை அதிலிருந்துதான் மகள் எடுத்துக் கொடுத்தாள்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். நீ கெட்டவன் இல்லையடா. சீக்கு வந்தது, மருந்துக்குப் போனாய். கெட்டது அந்தப் பதாகைக்குப் பின்னால் உட்கார்ந்து, பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டுக் கல்லாவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்ட கடைதான். அதன்மேல் எனக்குள்ள அருவருப்பு குறையவில்லை, குறையவும் வேண்டாம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'வருது' என்ற அந்த ஒரு சொல்தான். மழை பிடித்தால் இன்றும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேத்தலை அடுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

உனக்கு எழுதியதை வேறு யாராவது எட்டிப் படித்தால், அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த தடவை பந்தயம் கட்டக் கை அரிக்கும்போது, எதையும் தொடுமுன், நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டு "வருது" என்று சொல்லுங்கள்.