நாற்பது நாள் ஊறிய பலகை

23 ஏப்ரல் 1944, ஞாயிறு

பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து ஒன்பது நாளாயிற்று. தாராவியில் இன்னும் யாரும் நிம்மதியாக அடுப்பு மூட்டுவதில்லை. தங்கை செண்பகவல்லியும் அவள் புருஷன் இசக்கிப்பாண்டியும் வந்திருந்தார்கள். சாக்குக் குடிசையைப் பிரித்துவிட்டுப் பலகை வீடு கட்டப் போகிறார்களாம்.

"தீயை நெனச்சாலே பயமா இருக்கு அண்ணாச்சி. எந்த மரம் நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மரக்கடையில் பதினோரு வருஷம் சீட்டு எழுதுகிறவன் அல்லவா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கடையில் புது மரத்தை மாஹிம் கழியின் உப்புத் தண்ணீரில் கல்லைக் கட்டி நாற்பது நாள் முக்கி வைப்போம். பிறகு பூச்சி அரிக்காது. பூச்சிக்கே தாங்குகிற மரம் தீக்குத் தாங்காதா? அப்படித்தான் சொன்னேன். போன வாரம் கழியிலிருந்து எடுத்த துண்டு ஒன்றை அடுப்பில் வைத்தும் காட்டினேன். புகைந்தது, சீறியது, பற்றவே இல்லை. செண்பகம் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள்.

2 ஜூன்

வீட்டுக்காகக் கழியில் போட்ட மரத்தை இசக்கி முப்பத்தோராம் நாளே கரையேற்றிவிட்டான். "ஒம்பது நாள் கொறையுதேடே" என்றேன். "மழ நமக்காவ நிக்குமா மச்சான்?" என்று சிரித்தான்.

25 ஜூன்

வீடு முடிந்தது. செண்பகம் பாயசம் வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டுகிறாள்.

17 ஜனவரி 1945

செண்பகம் போய்விட்டாள்.

20 ஜனவரி

மூன்று நாளாக நோட்டைத் தொடவில்லை. இன்று எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி நண்பகல். நாலு வீடு தள்ளி ஒரு கரியடுப்பு கவிழ்ந்து சாக்கில் பற்றியிருக்கிறது. இசக்கி தோல் கிடங்கில், நான் கடையில். சந்து முழுக்க ஓடித் தப்பித்துவிட்டது. இவள் மட்டும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை?

எதிர்வீட்டு மர்யம் அழுதுகொண்டே சொன்னாள்: "கதவச் சாத்திக்கிட்டா. வெளிய வாடின்னு ரெண்டு கையாலயும் அடிச்சேன். 'எங்க அண்ணாச்சி சொன்ன மரம்க்கா, தீ ஏறாது. நீங்களும் உள்ள வந்துருங்க'ன்னா."

நீங்களும் உள்ள வந்துருங்க என்றாளாம்.

பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டியவன் நான். சேலை வாங்கிக்கொண்டு போனேன். அதை விரிக்க அங்கே உடம்பென்று ஒன்று இல்லை. மடித்தபடியே வைத்தேன்.

24 ஜனவரி

இசக்கி என் அறையில்தான் கிடக்கிறான். சோறு போட்டால் தட்டையே பார்க்கிறான். இன்று வாய் திறந்தான். "நாப்பது நாள்னு படிச்சுப் படிச்சுச் சொன்னியளே மச்சான். நாந்தான் அவசரப்பட்டு எடுத்தேன். ஒம்பது நாள். அந்த ஒம்பது நாள்ல நான் அவளக் கொன்னுட்டேன்."

தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். உண்மையைச் சொல்கிறேன், பழி என் மேல் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. சீ.

28 ஜனவரி

ஆனால் நாற்பது நாள் ஊறியிருந்தால்? தெரியாமல் இருக்க முடியவில்லை. கடையில் மூன்று மாதம் கழியில் கிடந்து, தீபாவளியிலிருந்து வெயிலில் காய்ந்த பலகை ஒன்று இருந்தது. ஒரு துண்டு அறுத்துக் கொண்டுவந்து, இசக்கி வெளியே போன நேரம் அடுப்பில் வைத்தேன்.

பற்றிக்கொண்டது. விறகு மாதிரி எரிந்தது.

அன்றைக்கு நான் வைத்த துண்டு காயாத துண்டு. உள்ளே தண்ணீர் இருந்தது, அதனால் எரியவில்லை. அவ்வளவுதான். தண்ணீர் வற்றினால் எல்லா மரமும் மரம்தான். இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? பதினோரு வருஷம்!

31 ஜனவரி

சொல்லவில்லை. இன்றும் அவன் சாப்பிடவில்லை. விலா எலும்பு தெரிகிறது. சொன்னால் எனக்கென்று இருக்கிற ஒரே உறவும் போய்விடும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான். என்ன மனுஷன்டா நீ?

4 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மீதிப் பலகையை அவன் கையிலேயே கொடுத்து, "மூணு மாசம் ஊறினதுடே, நீயே வச்சுப் பாரு" என்றேன். வைத்தான். எரிந்து சாம்பலாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ ஒம்பது நாள் இல்லையா?"

"இல்லடே. நாப்பது நாள் கெடந்தாலும் எரிஞ்சிருக்கும். தப்பு எம்பேர்லதான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

9 பிப்ரவரி

வரவில்லை.

18 பிப்ரவரி

தண்ணீர்க் குழாயடியில் மர்யம் சொன்னாள். இசக்கி தோல் கிடங்கிலேயே தங்கிக்கொண்டானாம். வேலைக்குப் போகிறானாம். என் பெயரை யாராவது எடுத்தால், "அவன் எம்மூஞ்சில முழிச்சா வெட்டிருவேன்" என்கிறானாம்.

"சாப்பிடுதானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வேளையும் சாப்பிடுதான்" என்றாள்.