டர்லோவில் தீ வைத்தவர்கள்

மகளிர் சிறை, கெஸ்டர்
செப்டம்பர் 9, 2003

சிறைத்துறை ஆய்வுப் பிரிவில் புள்ளிவிவரம் தொகுக்கிறவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்டறிக்கையின் அட்டையில் இயக்குநரின் படம் போட்டிருக்கிறார்கள். எண்களைக் கூட்டிக் கட்டம் போட்டவர் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எனக்கு ஆறாவது வருடம். துணிக் கிடங்கில் வேலை. மாநிலத்தில் எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தண்டனை விழுந்தாலும் முதலில் இந்த வாசலுக்குத்தான் வர வேண்டும், என் கையால்தான் சட்டை வாங்க வேண்டும். அளவு கேட்பேன். ஊர் கேட்பேன். கொஞ்சம் பழகிவிட்டால் என்ன கேஸ் என்றும் கேட்பேன். கேட்டது எனக்கு மறக்காது.

போன வாரம் நூலகத்தில் உங்கள் அறிக்கை கிடைத்தது. பதினோராம் அட்டவணையில் மாவட்டவாரியாகப் பெண்களின் குற்றங்கள். எனக்கு டர்லோ மாவட்டம். 'தீவைப்பு' என்ற கட்டத்தில் 1998-க்கு நேரே ஒன்று என்று இருந்தது. அது நான். அச்சில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதோடு நிற்கவில்லை. 2000-இல் இரண்டு, 2001-இல் இரண்டு, போன வருடம் மூன்று. ஏழு பேர்! டர்லோவில் போக்குவரத்து விளக்கே ஒன்றுதான். அங்கிருந்து வந்த எல்லோருக்கும் நான்தான் துணி கொடுத்தேன். தீ வைத்தேன் என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு முந்தைய வருடங்களில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. எனக்குப் பின்னால் ஏழு பேர். நான்தான் வழிகாட்டிவிட்டேனா என்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ட்வைலா ப்ரோஸ்


தலைநகர்
செப்டம்பர் 24, 2003

மதிப்பிற்குரிய ட்வைலா ப்ரோஸ் அவர்களுக்கு,

கட்டம் போடுகிறவன் நான்தான். ஆன்செல் விர்த். பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலி. பதினோராம் அட்டவணையைப் பற்றி எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. மேலதிகாரியிடம் காட்டினேன். "அந்த டேபிள படிக்கறதுக்குக்கூட ஆள் இருக்கா? பதில் போடுப்பா, புண்ணியமாப் போகும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் நான் ஒரு சிறைக்குள்ளும் போனதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலிருந்தும் தாள் வருகிறது. அதில் பெயர், வயது, குற்றத்துக்கு நான்கு இலக்க எண். அந்த எண்ணைக் கணினியில் ஏற்றுகிறேன். டர்லோவிலிருந்து வந்த தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏழு தாளிலும் தீவைப்பு எண்தான் இருக்கிறது. என் பக்கம் தவறு இல்லை. உங்கள் பக்கமும் இல்லை என்றால் நடுவில் எங்கோ இருக்கிறது.

உங்களிடம் நானும் ஒன்று கேட்கலாமா? பத்து வருடம் முன்பு ஆண்டுக்கு இருநூற்றுப் பத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். சென்ற ஆண்டு ஐந்நூற்று நாற்பது. அப்போது திருட்டும் காசோலை மோசடியும் முதலிடம். இப்போது பாதிக்குப் பாதி போதைப்பொருள். எத்தனை என்பது எனக்குத் தெரிகிறது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது?

ஒன்று உறுதி சொல்கிறேன். உங்கள் கோப்பை நான் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். எனக்கு எண் போதும்.

அன்புடன்,
ஆன்செல் விர்த்


கெஸ்டர்
அக்டோபர் 8, 2003

விர்த் சார்,

நலமா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ஸ்வெட்டர் போதவில்லை, வழக்கம்போல.

எப்படித் தெரிகிறது என்று கேட்டீர்கள். துணி அளவில் தெரிகிறது. நான் வந்த புதிதில் பெரிய அளவுதான் முதலில் தீரும். வந்தவர்கள் ஓட்டலில், கல்லாவில், அலுவலகத்தில் வேலை பார்த்த நடுத்தர வயதுக்காரிகள். இப்போது பெரிய அளவு அலமாரியில் அப்படியே தூங்குகிறது, சின்ன அளவுக்கு நான் அடித்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இடுப்பு. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்கள், பல் போயிருக்கும். மூன்று மாதம் சோறு தின்றபிறகு திரும்ப வந்து பெரிய சட்டை கேட்பார்கள். அப்போதுதான் அவர்கள் நிஜ முகமே எனக்குத் தெரியும்.

இப்போது நம் விஷயம். டர்லோக்காரிகளில் ஜோலீன் என்று ஒருத்தி, போன வருடம் வந்தவள், அவளைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தேன்.

"ஏண்டி, நீ எதைக் கொளுத்தினே?"

"நான் எதையும் கொளுத்தலக்கா. சமைச்சேன்."

"சமைச்சதுக்கா உள்ள போட்டாங்க? அப்படிப் பாத்தா இங்க சமையக்கட்டுல இருக்கறவளுகளுக்கு ஆயுள் தண்டனை குடுக்கணும்."

"அய்யோ, அந்தச் சமையல் இல்லக்கா. மெத்து. அடுப்புல வெச்சிருந்தது குப்புனு பிடிச்சுக்கிச்சு. டிரெய்லர் வீடே போச்சு. நல்லவேளை புள்ள எங்கம்மா வீட்ல இருந்தான்."

மற்ற நான்கு பேரையும் கேட்டேன். இரண்டு பேர் விடுதலையாகிப் போய்விட்டார்கள். எல்லாக் கதையும் ஒரே கதை. போதைமருந்து காய்ச்சினார்கள், வீடு பற்றிக்கொண்டது. வேண்டுமென்று வைத்தது ஒன்றுகூட இல்லை.

சார், உங்களுக்கு இது ஓர் எண். இங்கே வேறு. தீவைத்தவள் என்று குறித்துவிட்டால் ஆற்றங்கரை வெளிமுகாமுக்கு அனுப்பமாட்டார்கள். அங்கே வேலி கிடையாது, சனி ஞாயிறு பிள்ளைகள் வந்து தங்கலாம். ஜோலீன் மூன்று தடவை மனுப்போட்டு மூன்று தடவையும் தள்ளிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவள் பையனுக்கு நான்கு வயது.

ட்வைலா


தலைநகர்
நவம்பர் 3, 2003

அன்புள்ள ட்வைலா,

சட்டை அளவு பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோரும் படித்தோம். கிடங்கின் கொள்முதல் பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை.

டர்லோ நீதிமன்ற எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்தேன். வயதான அம்மாள், நல்ல கணீர்க் குரல்.

"போதைமருந்து தயாரிப்புக்குத் தனி எண் இருக்கேம்மா, ஏன் தீவைப்புன்னு போட்டீங்க?"

"எங்கிட்ட இருக்கற புஸ்தகத்துல அப்படி ஒண்ணு கெடையாது தம்பி."

"அது எந்த வருஷத்துப் புஸ்தகம்?"

"எண்பத்தேழு. நீங்கதான் புதுசு அனுப்பவே இல்லையே. நான் என்ன பண்றது? தீ பிடிச்சுதா, இல்லையா? பிடிச்சுது. தீன்னா தீதானே?"

அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. புதிய புத்தகத்தை அனுப்ப வேண்டிய பிரிவு எங்களுடையது.

சரிபார்க்கக் கோப்புகளை வரவழைத்து, ஏழு வழக்கையும் திருத்தச் சொல்லி நான்கு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். மற்ற மாவட்டங்களில் எத்தனை பேர் இன்னும் பழைய புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ஆறு.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்: யாரும் உங்களைப் பார்த்துச் செய்யவில்லை. நீங்கள் யாருக்கும் வழிகாட்டவில்லை.

அன்புடன்,
ஆன்செல்


கெஸ்டர்
ஜனவரி 19, 2004

அன்புள்ள ஆன்செல் சார்,

ஐந்து பேரும் வெளிமுகாமுக்குப் போய்விட்டார்கள்! வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. ஜோலீன் முகாம் துணி வாங்க என் ஜன்னலுக்கு வந்தாள். நடுத்தர அளவு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போடாமல் அப்படியே நின்றாள்.

"என்னடி, பேனா புடிக்கத் தெரியலையா?"

"அக்கா, அவன் என்னைய அடையாளம் கண்டுக்குவானா?"

"நீ இங்க வந்தப்ப இருந்த எலும்புக்கூட்ட அவனுக்குத் தெரியாது. இந்த மூஞ்சிய நல்லாத் தெரியும், போடி" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் எல்லோரும் உங்களுக்கு 'சமையல் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மே மாதம் எனக்குப் பரோல் விசாரணை. உங்களிடம் சிபாரிசு கேட்கவில்லை, அதற்காக எழுதவுமில்லை. இங்கே யாரோடு பேசினாலும் அவர்கள் என் ஃபைலைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பாதிரியார்கூட. நீங்கள் ஒருவர்தான் படிக்காமல் பேசுகிறீர்கள். அதற்கு நன்றி. எப்போதாவது நானே சொல்கிறேன்.

அன்புடன்,
ட்வைலா


தலைநகர்
பிப்ரவரி 2, 2004

அன்புள்ள ட்வைலா,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்கு உரியதல்ல.

அக்டோபரில் டர்லோ தீவைப்புக் கோப்புகள் வேண்டும் என்று கேட்டபோது ஆவணக் காப்பகத்தில் எட்டையும் கட்டி அனுப்பிவிட்டார்கள். உங்களுடையதை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துத் திறந்தேன். சரியாகக் குறித்த வழக்கு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுதுகிற ஆள் யார் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

முழுவதும் படித்தேன். உங்களை விட்டுப் போன ராயின் பிக்கப் வண்டி, நீங்கள் ஊற்றிய டீசல், பற்றிக்கொண்ட வைக்கோல் கொட்டகை, அணைக்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் லீலண்ட் மாட்சன், உத்தரம் விழுந்து அவர் கைகள் கருகியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாதவன் போல நவம்பரில் உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

மன்னியுங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆன்செல்


தலைநகர்
மார்ச் 15, 2004

அன்புள்ள ட்வைலா,

ஆறு வாரமாகிறது. பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. ஒரு செய்தி மட்டும்: பழைய புத்தகம் பதினொரு மாவட்டங்களில் இருந்தது. முப்பத்தெட்டுப் பெண்களின் குறிப்பு திருத்தப்படுகிறது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்செல்


கெஸ்டர்
ஏப்ரல் 4, 2004

ஆன்செல் சார்,

இரண்டு கடிதமும் வந்தது. கோபம் இருந்தது. முதல் வாரம் உங்கள் பேரைச் சொல்லி ஒவ்வொரு சட்டையையும் உதறி மடித்தேன். அப்புறம் வேறொன்று தோன்றியது. இவர் முழுவதும் படித்துவிட்டார், ஆனாலும் இவருக்குத் தெரியாது. ஏனென்றால் அது அந்த ஃபைலில் இல்லை.

வண்டி மட்டும் எரியும் என்றுதான் நினைத்தேன். வைக்கோல் பிடித்ததும் நானே ஓடிப்போய்த் தீயணைப்புக்காரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். லீலண்டின் பண்ணை கிட்டத்தில் என்பதால் புகையைப் பார்த்து அவர்தான் முதலில் வந்தார். பால் கறந்துகொண்டிருந்தவர், ரப்பர் பூட்ஸோடு வந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா ட்வைலா?" என்று கேட்டார்.

"டஃபி இருக்கு" என்றேன்.

டஃபி என் நாய். அது உள்ளே இல்லை. என் சமையலறையில் கட்டிக் கிடந்தது, கட்டியவள் நான்தான். ராயின் வண்டிக்காக யாரும் அவசரப்பட மாட்டார்கள், வெளியே நின்று தண்ணீர் அடிப்பார்கள் என்று பயந்தேன். சீக்கிரம் அணைக்க வேண்டும், அதற்குள் நான் செய்ததெல்லாம் செய்யாததாக ஆகிவிட வேண்டும். அதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

புகை ஏறியதில் அந்த ஐந்து நிமிடம் அவருக்கு நினைவில் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஃபைலில் 'தாமாகவே உள்ளே சென்றார்' என்று இருக்குமே, நீங்கள் படித்திருப்பீர்கள். நீதிமன்றத்தில் அவர் மனைவி ஆர்லீன் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு ஓட்ட வண்டிக்காக ஏன்யா உள்ள போனே? உனக்கு அறிவில்லையா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல ஆர்லீன், ஏன் போனேன்னே தெரியல" என்றார். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருடமாக அந்த மனுஷர் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மாடுகளை விற்றுவிட்டார்களாம். ஊரும் அவரை முட்டாள் என்றுதான் சொல்கிறதாம்.

இன்று காலை அவர்கள் இருவருக்கும் எழுதினேன். நாயைக் காப்பாற்றப் போனவர் அவர், நான் பொய் சொல்லி அனுப்பினேன், வேறு யாராக இருந்தாலும் போயிருக்கமாட்டார்கள் என்று. அந்தக் கடிதமும் இதுவும் ஒரே பையில்தான் வெளியே போகின்றன. பரோல் ஆலோசகர் அம்மாளிடமும் சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மே மாசம் விசாரணைய வெச்சுக்கிட்டு இப்பப் போயி இதைச் சொல்றியா? இது இனிமே ஃபைல்ல ஏறும், தெரியுமில்ல?"

"ஏறட்டும்மா" என்றேன்.

மே மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் இங்கேதான் இருப்பேன். துணிக் கிடங்கை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஃபைலைத் திறந்ததை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் திறந்ததை வந்து சொன்னீர்கள். அதை எப்படிச் செய்வது என்று உங்களைப் பார்த்துத்தான் நானும் செய்தேன்.

இனி என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எனக்கோ, உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கல்யாணம் ஆகிவிட்டதா? காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் எப்படி உட்கார்ந்தீர்கள்? எதையாவது செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா?

அவசரமில்லை. விரிவாக எழுதுங்கள்.

ட்வைலா