விக்கல் நின்ற பெயர்

ஜார்ஜ் டவுன்
புதன், காலை

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அனைவரும் இருக்கிறோம். இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடிகிறது.

உங்களோடு வேலை செய்யும் ஹாரிஸுக்கு விடுப்பு முடிந்ததாம். இன்று மதிய விமானத்தில் பிந்துலு திரும்புகிறார். வாசலில் நின்றபடியே, "ஒங்க மச்சான் ஹைதருக்கு ஏதும் குடுத்து விடணுமா தங்கச்சி, சம்பால் கிம்பால்?" என்று கேட்டார். ஒரு கடிதம் தருகிறேன் என்றேன். "இந்தக் காலத்துல லெட்டரா லா" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

போனில் சொல்ல முடியவில்லை. நீங்கள் கூப்பிட்டால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் ஆறு முறை எழுதி ஆறு முறை அழித்தேன். அதுவுமில்லாமல், நான் சொல்லத் தொடங்கியதும் நீங்கள் கத்துவீர்கள், அல்லது பரவாயில்லை என்பீர்கள். இரண்டையும் கேட்கிற தெம்பு இல்லை. காகிதம் பதில் பேசாது.

முதலில் மாமாவைப் பற்றி. உங்கள் அத்தா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. கழுத்தில் குழாய் இருக்கிறது, மேலே வெள்ளை ஒட்டுப்போட்டு. குளிக்க வைப்பது சிரமம். வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி. மதியம் இரண்டு மணிக்கு அவருக்கென்று ஒரு நாற்காலி. சனிக்கிழமை நான் கூட்டிப்போனேன். நான்கு மணி நேரம் கண்ணைத் திறக்கவேயில்லை. நேற்று செவ்வாய். போக மாட்டேன் என்றுவிட்டார். சட்டை போட்டு, தொப்பி வைத்து, வாசல்வரை வந்து, திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். இரத்தம் சுத்தம் செய்யும் மையத்து நர்ஸ், மிஸ்ஸி துளசி, மூன்று முறை கூப்பிட்டாள். "வியாழக்கெழமையும் விட்றாதீங்க அக்கா. மூச்சு வாங்க ஆரம்பிச்சா அப்புறம் ஆம்புலன்ஸ்தான்" என்றாள்.

வியாழன் என்றால் நாளை.

அவர் ஏன் போகவில்லை என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

நம் சமையலறை உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன மூன்று மாதத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அடுப்புக்கு இடப்பக்கம் கிளினிக் மாத்திரைகள். கிழமை எழுதிய பெட்டி. குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின். வலப்பக்கம் உங்கள் தம்பி சாஹித் கொண்டுவந்த போத்தல்கள். பாலிக் புலாவில் யாரோ வளர்க்கும் பூனைமீசை இலை, பாகற்காய்ப் பொடி, மாமி ஓதி ஊதிய கருஞ்சீரக எண்ணெய். சாஹித் அக்கரை மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை முடிந்து, ஃபெரி ஏறி, இலையோடு வருவான். "மதினி, இந்த மாத்திரையெல்லாம் ஒண்ணைக் கட்டுப்படுத்தும், ஒண்ணைக் கெடுக்கும்" என்பான். நான் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவேன். அவன் இலையை எடுத்துக் காட்டுவான்.

மாமா இரண்டையும் சாப்பிட்டார். சரியாகச் சொன்னால், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுடைய மருந்தைச் சாப்பிட்டார்.

எனக்கு அலுத்துப்போயிற்று மச்சான். பள்ளிக்கூடத்தில் எழுபது பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, வீட்டிலும் அதே பாடம். மாத்திரையும் வேண்டாம் இலையும் வேண்டாம், சாப்பாட்டைச் சரிசெய்தால் பாதி சரியாகும் என்று நானாக ஒரு மூன்றாவது பக்கம் போய் நின்றேன். வெள்ளைச் சோற்றைக் குறைத்தேன். உப்பை ஒளித்து வைத்தேன். காலையில் ஓட்ஸ். மாமா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் இந்த ஊருக்கே சோறு முங்க முங்கக் கொழம்பு பஞ்சிர் ஊத்துனவன்மா நான். எனக்கு எலித் தீனியா?" என்றார். ஆனாலும் சாப்பிட்டார். நான் நின்றேன் அல்லவா.

நான்கு மணிக்குக் குடிக்கும் இனிப்புச் சிராப் தண்ணியை மட்டும் விட மாட்டேன் என்றார். சாப்பாட்டுக் கடையில் நின்ற காலத்துப் பழக்கம். ஐஸ் போட்டு, சிவப்பாக. அதற்குப் பதிலாகத்தான் சௌராஸ்தா பசாரில் பெலிம்பிங் வாங்கினேன். குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாக விழுமே, அந்தப் பழம். சர்க்கரை சேர்க்காமல் அரைத்து, வடிகட்டி, ஐஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு பெரிய தம்ளர். மாமாவுக்குப் பிடித்துவிட்டது. "இனிப்பு இல்லாமலே இனிக்குதும்மா" என்றார்.

தம்ளரைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரல் அனுப்பினீர்கள்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின வாரம், திங்கள் முதல் சனிவரை. ஆறு தம்ளர்.

*

அந்தச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு விக்கல் வந்தது.

தண்ணீர் குடித்தார், நிற்கவில்லை. மாமி வழக்கம்போலத் தொடங்கிவிட்டார்கள். யார் நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வது. கோலாலம்பூரில் இருக்கும் மகள் லைலா பெயர். நிற்கவில்லை. சாஹித் பெயர். நிற்கவில்லை. பழைய கடைப் பங்காளி பெயரைச் சொன்னதும் மாமாவே, "அவன் செத்து ஏழு வருஷமாச்சு லா, அவன் நெனச்சா வெவகாரம்" என்று விக்கலுக்கு நடுவே சிரித்தார். பிறகு மாமி உங்கள் பெயரைச் சொன்னார்கள்.

நின்றது.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா நோர்மா, எம்புள்ள பிந்துலுல உக்காந்து என்னைய நெனைக்கிறான்" என்றார் மாமியிடம். பத்து நிமிடத்தில் விக்கல் மறுபடியும் வந்தது. "மறுபடி நெனைக்கிறான்." அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் மாமி உங்களுக்காக ஒரு துஆ கேட்டார்கள். நானும் ஆமீன் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தீர்கள். நாள் முழுக்க. சாப்பாடு இறங்கவில்லை. மதியம் சாஹித் வந்தான். பயந்துபோய், பூனைமீசைத் தண்ணீர் அரை தம்ளர் கொடுத்தான். சாயங்காலம் மாமா பேச்சு மாறியது. என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, கோழியா, மீனா? பஞ்சிர் பண்ணிறவா?" என்றார். கையில் இல்லாத கரண்டியால் அள்ளி ஊற்றினார். பிறகு வலிப்பு வந்தது. சாஹித்தான் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். மாமி இலையைச் சொன்னார்கள். சாஹித், "நாந்தான் குடுத்தேன் டாக்டர்" என்றான்.

மறுநாள் காலையில் வேறொரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும், களைத்த பெண். இலையைப் பற்றி ஒரு வரி சொன்னார். இந்த நிலைமையில் அதுவும் வேண்டாம், ஆனால் இப்படிச் செய்வது அது இல்லை. பிறகு, பெலிம்பிங் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

நல்ல சிறுநீரகம் அந்தப் பழத்தில் உள்ளதை வெளியே தள்ளிவிடுமாம். இவருடையது தள்ளாது. அது தங்கி, தலைக்கு ஏறும். முதல் அடையாளம் விக்கல் என்றார். நிற்காத விக்கல்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். குளிர்பெட்டியில் ஒட்டியிருப்பது பழைய தாள், சர்க்கரை நோய்க்கானது. அதில் பெலிம்பிங் பச்சைக் கட்டத்தில் இருக்கிறது, சாப்பிடலாம். சிறுநீரகம் கெட ஆரம்பித்த பிறகு, இரண்டு மாதம் முன்பு, கிளினிக்கில் வேறொரு தாள் கொடுத்தார்கள். என் கைப்பையிலேயே இருந்தது. முன்பக்கம் உப்பு. அதைப் படித்துவிட்டுத்தான் உப்பை ஒளித்து வைத்தேன். பின்பக்கம், ஐந்தாவது வரி, கொட்டை எழுத்தில், படத்தோடு.

பின்பக்கமும் கேள்வி இருக்கிறது, திருப்பிப் பாருங்கள் என்று பரீட்சைக்குப் பரீட்சை பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான்.

*

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் நீங்கள் சாஹித்தைக் கூப்பிட்டீர்கள். வார்டுக்கு வெளியே, நடையில். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அத்தாவை இலையக் குடுத்துக் கொல்லப் பாத்தியாடா? இனிமே வீட்டுப் பக்கம் வந்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்." மாமி அழுதுகொண்டே, "போயிரு ராசா, கொஞ்ச நாளைக்கு வராதே" என்றார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் என்னிடம் பேசி அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நான் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். பேசவில்லை.

ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் மட்டும் இல்லை. இலை தோற்றுப்போனதில் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. அதை எழுதிவிட்டேன். இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

அவன் அதன்பிறகு வரவில்லை. கிளினிக்குக்கு மாமாவைக் காடி ஓட்டிக் கூட்டிப்போவது எப்போதும் அவன்தான் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இலையைக் கொடுத்தவன்தான் ஒரு தேதிகூட விடாமல் டாக்டரிடமும் கூட்டிப்போனான். ஊசி போடும்போது மாமா பிடித்துக்கொள்வது அவன் கையைத்தான்.

மூன்று நாள் முன்பு, ஞாயிறு அன்று மாக் மண்டினுக்குப் போனேன். தொழிற்சாலை வாசலில் பத்து நிமிடம் நின்று பேசினான். எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "விடுங்க மதினி. பழி இலை மேலயே கெடக்கட்டும், அது ஒண்ணும் கேக்கப் போறதில்ல" என்றான். வா என்றேன். "அண்ணன் வராதேன்னு சொன்னாரு. அவரு வான்னு சொல்லட்டும், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஏழு மணி ஃபெரிலேயே வந்துர்றேன்" என்றான். பிடிவாதம் இல்லை மச்சான். அவன் குரலில் அது இல்லை.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, மாமாவிடம் சொன்னேன். மாமி கடைக்குப் போயிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பழத்தைப் பற்றி, தாளின் பின்பக்கத்தைப் பற்றி, எல்லாம். திட்டவில்லை. "தெரிஞ்சா செஞ்சே" என்றார். பிறகு கேட்டார், "அப்ப அந்த விக்கல்?"

அதுவும் பழத்தால்தான் மாமா என்றேன்.

"அப்ப அவன் நெனைக்கலையா?"

மறுநாள்தான் வாசல்வரை வந்து திரும்பிப் போனார். "சாஹித் வரட்டும், போறேன்" என்று மட்டும் சொன்னார்.

*

பத்தரை ஆகிவிட்டது. ஹாரிஸ் வந்துவிடுவார்.

இன்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மாமியிடம் நானே சொல்லிவிடுவேன். அதை உங்கள் தலையில் போடவில்லை. வலப்பக்கத்துப் போத்தல்களை எடுத்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவில்லை. அடுத்த முறை சாஹித்தும் நானும் சேர்ந்தே அந்த டாக்டரிடம் கொண்டுபோய், ஒவ்வொன்றாக எது ஆகும் எது ஆகாது என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அவன் வந்தால். என் சமையல் பட்டியலையும் அதே பையில் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. இன்று ராத்திரி இது உங்கள் கைக்கு வந்துவிடும். காலையில் ஏழு மணிக்குள் சாஹித்தைக் கூப்பிடுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. வா என்ற ஒரு சொல் போதும். இரண்டு மணி நாற்காலிக்கு நேரம் இருக்கிறது.

பிறகு மாமாவைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு முறை ஸ்பீக்கர் வேண்டாம் என்று மாமியிடம் சொல்லிவிடுகிறேன். அவர் நேராகக் கேட்க மாட்டார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி, மழையா என்று சுற்றிச் சுற்றி வருவார். நீங்களே சொல்லுங்கள். அந்தச் சனியும் ஞாயிறும் உங்களை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன் அத்தா என்று. உண்மையா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரு முறைகூட விக்கல் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது கயிற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உங்களுக்கும் அத்தாவின் உடம்புதான். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருந்து, விடுப்பு கிடைக்கும் அன்றே இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உங்கள்
சுஹானா