மதிலுக்கு மேலே தெரியும் ஆன்டெனா

அன்புள்ள ஜீவா அண்ணா,

உன் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். திட்டாதே. கிளட்சைத் தேய்க்கிறேன் என்று நீ அலறுவது காதில் விழுகிறது. ஆனால் அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, பொழுது சாய்வதற்குள் செஞ்சி வந்து சேர எனக்கு வேறு வழியில்லை. பஸ்ஸை நம்பினால் நைனா பட்டினி.

அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நைனாவுக்கு மறதி முற்றிவிட்டது. என் பெயர் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. அம்மா போனது நினைவிருக்கிறது. நீ போனது மட்டும் மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது. உன்னை எடுத்துப்போன அன்று வாசலில் விழுந்து அழுதவர், மறுநாள் காலையில், "ஜீவா மல்லாட்டை மண்டிக்குப் போய்ட்டானா?" என்று, நீ வழக்கம்போலக் கடலை வியாபாரத்துக்குப் போயிருப்பதுபோலக் கேட்டார். சொன்னேன். புதிதாகக் கேட்பவர் போல அழுதார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் அழுதார். ஒரு மனிதருக்கு ஒரே மகன் எத்தனை முறை சாவான் அண்ணா? அப்புறம் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

ஜைனர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது என்பது உனக்குச் சொல்லவா வேண்டும்? எதை மறந்தாலும் அதை அவர் மறக்கவில்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அதோடு புதிதாக ஒரு பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. "ஜீவா வரட்டும், சாப்டறேன்." கெஞ்சினேன், அதட்டினேன், ஒருநாள் தட்டைத் தரையில் ஓங்கி வைத்தேன். வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தார்.

உன் காரை நான் முதன்முதலாக எடுத்து வந்த சாயங்காலம், கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் மதிலுக்கு மேலே உன் ரேடியோ ஆன்டெனா நகர்வதைப் பார்த்திருக்கிறார். நம் மதில் உயரத்துக்கு அந்த நீளக் கம்பியைத் தவிர வேறெதுவும் தெரியாதே. நான் உள்ளே நுழைகிறேன், "ஜீவா வந்துட்டான், சோறு போடு" என்கிறார். அன்று நாலு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார். நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

போன மாதம் கோட்டை பக்கம் காரை நிறுத்திவிட்டு இளநீர் வாங்கப் போனேன். திரும்பினால் குரங்கு ஒன்று உன் கம்பியைப் பிடித்து ஊஞ்சல் ஆடுகிறது. விரட்டுவதற்குள் அடியோடு முறிந்துவிட்டது. ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது செருப்பையும் தூக்கிக்கொண்டு மரம் ஏறிவிட்டது. நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கார் வயரிங் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "இவ்ளோ பழைய வண்டிக்கு அந்தக் கம்பி இப்ப வர்றதில்லக்கா. சின்னதா மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு வருது, போட்டா சூப்பரா இருக்கும். குரங்கு புடிச்சித் தொங்க முடியாது" என்றார். குரங்கு தொங்க முடியாது என்றதும் தலையாட்டிவிட்டேன். மதிலை நான் யோசிக்கவே இல்லை.

அன்று கார் வந்தது நைனாவுக்குத் தெரியவில்லை. "வண்டி நிக்குது நைனா, வந்து பாரு" என்று கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். "இது யார் வண்டி?" என்றார். மலைப்பக்கம் பார்த்தார். "பொழுது போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்தடுத்த நாளும் இதே கதைதான். மதியம் கொறிக்கிற கொஞ்சத்தில் அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

மறுபடியும் அதே கடைக்குப் போய் நின்று அழுதேவிட்டேன். பாவம், அவர் மிரண்டுபோய் விழுப்புரத்தில் சொல்லிவைத்து, பழைய நீளத்திலேயே ஒரு கம்பியை வரவழைத்தார். உள்ளே கூரை விளக்கைக் கழற்றி, மேல்துணியை இறக்கி, துடுப்பை எடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் இறங்காதபடி புது ரப்பர் வைத்துக் கம்பியை முடுக்கினார். ரேடியோவைப் போட்டு, "கிளியரா கேக்குதாக்கா?" என்றார். நான் கம்பியின் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நைனா, "வந்துட்டான்" என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது வாயில் கை நின்றுவிட்டது.

"தினம் வர்றான். ஏன் உள்ள வரமாட்றான்? என் மேல இன்னா கோவம் அவனுக்கு?"

"கோவமெல்லாம் இல்ல நைனா."

"நான் எதுனா சொல்லிட்டனா? எனக்கு நெனப்பில்லம்மா. அவனை வரச்சொல்லு, நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

உண்மையைச் சொன்னால் நீ இன்னொரு முறை சாவாய். சொல்லாவிட்டால், பெற்ற மகன் வாசலோடு திரும்பிப் போகிறான் என்று இந்த மனிதர் குமைந்துபோவார். எழுந்து வாசலுக்குப் போனேன். சும்மா நின்றேன். திரும்பி வந்து, "வண்டியில ரேடியோ கேட்டுனு இருக்குது அண்ணன். உன் மேல கோவமே இல்லன்னு சொல்லிச்சு" என்றேன்.

நம்பினாரா, தெரியவில்லை. தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இன்னொரு தட்டில் சோறும் பருப்பும் தன் கையாலேயே போட்டு என்னிடம் நீட்டினார்.

"பொழுது சாயப்போவுது. அங்கயே குட்த்துடு, சாப்டட்டும். அப்பறம் நான் சாப்டறேன்."

காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உன் சோற்றை நான் சாப்பிட்டேன் அண்ணா. வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து விழுங்கினேன். காலித் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்து, "எல்லாத்தையும் சாப்ட்டானா!" என்று சிரித்தார். அப்புறம்தான் தன் தட்டில் கை வைத்தார்.

இப்போது தினமும் இப்படித்தான். இது சரியா, தப்பா? ஒருநாள் அவரே எழுந்து கார்வரை நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கும் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். உன் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கமாட்டேன்.

உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும் தங்கச்சி,
பத்மா