கார்டு இல்லாமல் வந்த படம்

அம்மாவுக்கு மகன் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்பதற்குள் சொல்லிவிட்டேன். உன் வலது முழங்கால் வீக்கம் வடிந்ததா?

செவ்வாய் மத்தியானம் கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவர் கேம் ஆடும் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தார். செங்கல் கனத்தில் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் படம் வரவில்லையாம். மனுஷன் திரையின் கேபிளைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரில் கார்டு வழியாக மட்டும்தான் படம் வரும்.

கேபிளை அப்படியே விட்டுவிட்டு, கார்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை பட்டு பவர் பட்டன் அமுங்கிவிட்டது. திரையில் படம் வந்தது.

ஒரு சமையலறை. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண், தனக்கு ஒரு தட்டு வைத்தாள். எதிரே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"கார்டு உன் கையில இருக்கு, படம் எங்கேருந்துடா வருது?" என்றார் முதலாளி.

"ஏதோ கேம் சார்."

"அப்படி ஒரு கேம் என்கிட்ட இல்லையே" என்றார் வந்தவர்.

பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகும் அவள் எழுந்து, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அப்புறம்தான் திரை அணைந்தது.

கார்டைத் திரும்பப் போட்டு, கேபிளை அதில் மாற்றிச் சொருகியதும் எல்லாம் சரியாகிவிட்டது. நீ பயப்படாதே.

தலையணை உறை ஒன்று அனுப்பு, உன் தலையணையில் இப்போது போட்டிருப்பதையே, துவைக்காமல் அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார்.

எனக்கும் தட்டு வைக்கிறாயா அம்மா? இனி வைக்காதே.

இல்லை, வை. கவிழ்த்து மட்டும் வைக்காதே.